வட சென்னையில் நாய்க்குட்டி வளர்த்து விற்போருக்கு: விற்கும் முன் குட்டியின் இதயத்தைப் பரிசோதியுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம், கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வட சென்னை நெடுகிலும் மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் பெட்டை நாய்களை வைத்துப் பராமரித்து, குட்டி ஈன வைத்து விற்றுவரும் உங்களுக்கும், அந்தக் குட்டிகளை வாங்கிக் கடையில் வைத்து விற்கும் உரிமையாளர்களுக்கும், இதே பகுதியில் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான். எந்தக் குட்டியையும், ஒரு கால்நடை மருத்துவர் அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, கேட்டதைத் தடுப்பூசி அட்டையில் எழுதிக் கையொப்பம் இடுவதற்கு முன் விற்காதீர்கள். அதன் தாயையும் தகப்பனையும் ஜோடி சேர்ப்பதற்கு முன் அவற்றின் இதயத்தையும் அவ்வாறே பரிசோதிக்கச் செய்யுங்கள்.

குட்டிகள்மீது உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. பூச்சி மருந்து கொடுக்கிறீர்கள். பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் பயந்து முதல் ஊசியைப் போட்டுவிட்டே பலர் விற்கிறீர்கள். ஈன்ற இரவு முழுவதும் கண்விழித்துக் குட்டிகளைத் துடைத்துத் தாயின் மடியில் சேர்க்கிறீர்கள். உங்களில் பலர் பெண்கள் என்பதும், வீட்டு ஆண்கள் துறைமுகத்துக்கோ மணலி ஆலைகளுக்கோ ஷிஃப்டு வேலைக்குப் போக, வீட்டில் இருந்தபடியே ஒரு லேப்ரடார் பெட்டையையோ இரண்டு பாமரேனியன்களையோ வளர்த்துப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு கவனத்துக்கு இடையிலும் குட்டியின் இதயம் மட்டும் கேட்கப்படாமலேயே கைமாறுகிறது. வெளியே இருந்து பார்க்கையில் குட்டி துள்ளுகிறது, பால் குடிக்கிறது, எடை போடுகிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. பிறவி இதயக் குறைபாடு உள்ள குட்டியும் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில் இதே போலத்தான் துள்ளும் என்பதை எடுத்துச் சொல்லவே இம்மடல்.

நாய்களில் அடிக்கடி காணப்படும் பிறவி இதயக் குறைபாடுகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஸ்டெதாஸ்கோப் ஒன்றாலேயே பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் குணமாக்கவும் முடியும். தாயின் வயிற்றில் இருக்கும் குட்டி மூச்சு விடுவதில்லை. அதன் நுரையீரலுக்கு அதிக இரத்தம் தேவையில்லை. ஆகவே நுரையீரலுக்குப் போகும் தமனியையும் உடலுக்குப் போகும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு குறுகிய குழாய் வழியாக இரத்தம் நேரே உடலுக்குத் திருப்பி விடப்படுகிறது. பிறந்து முதல் மூச்சு விட்டதும் இரத்தத்தில் ஆக்சிஜன் உயர்கிறது. குழாயின் சுவரில் உள்ள தசை சுருங்குகிறது. சில நாட்களுக்குள் குழாய் மூடிக்கொண்டு, பிறகு நிரந்தரமாக அடைபட்டு வெறும் நாராகிறது. சில குட்டிகளில் இந்தச் சுவரில் போதிய தசை இல்லை. தசை இருக்க வேண்டிய இடத்தில் மகாதமனியின் சுவரில் இருப்பது போன்ற மீள்தன்மையுள்ள திசு இருக்கிறது. அதனால் குழாய் சுருங்குவதே இல்லை. மருத்துவர்கள் பி.டி.ஏ. என்று குறிப்பிடுவது இதைத்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு இதே குறை வரும்போது மருந்து கொடுத்தே குழாயை மூட வைப்பதைக் கேள்விப்பட்ட சிலர், அதே மருந்தை நாய்க்கும் கொடுக்கலாமே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சுருங்குவதற்குத் தசையே இல்லாத குழாயில் அந்த மருந்து பயன் தராது.

குழாய் திறந்தே இருந்தால் என்ன ஆகும்? மகாதமனியில் அழுத்தம் அதிகம், நுரையீரல் தமனியில் குறைவு. ஆகவே உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு ஓயாமல் நுரையீரலுக்குத் திரும்பி, அங்கிருந்து இதயத்தின் இடப்பக்கத்துக்கு மீண்டும் வந்து சேர்கிறது. இடப்பக்கம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் சுமையைச் சுமந்து பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் நுரையீரலில் நீர் கோக்கிறது. அப்போதுதான் வாங்கியவர் வீட்டில் குட்டி இருமத் தொடங்கும், இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கும், மாடிப்படி ஏறப் பாதியில் நிற்கும். அதைச் சளி என்று நினைத்து இருமல் மருந்து ஊற்றுகிறார்கள். சில நாட்களில் குட்டி இறந்துபோகிறது. வைத்தியம் செய்யாமல் விட்டால் இந்தக் குறையுள்ள குட்டிகளில் பாதிக்கும் மேல் ஓர் ஆண்டுக்குள் இறந்துவிடுகின்றன. இறந்த பின் அந்த வீட்டார் உங்களைத்தான் நோய்க்குட்டியை விற்றவர் என்று பேசுவார்கள். நீங்களோ அவர்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைப்பீர்கள். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க, உண்மையான காரணம் யாருக்கும் தெரியாமலே போய், அதே பெட்டை அதே ஆண் நாயோடு மறுபடியும் சேர்க்கப்படுகிறது. என்னை எழுத வைத்தது இந்தக் கடைசிச் செய்திதான்.

இந்தக் குறையைக் கேட்பது கடினமன்று. மற்ற இதயக் குறைகளில் துடிப்புக்குத் துடிப்பு விட்டுவிட்டுச் சத்தம் கேட்கும். இதில் துடிப்புக்கு இடைவெளியிலும் சத்தம் நிற்காமல், மாவு மில் வாசலில் நின்றால் காதில் விழுவது போன்ற விடாத இரைச்சல் கேட்கும். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். இடது முன்காலைச் சற்று முன்னே இழுத்து, அக்குளுக்குள் உயரமாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால்தான் தெளிவாகக் கேட்கும். நெஞ்சின் கீழ்ப்பகுதியில் மட்டும் வைத்துக் கேட்டால் சில குட்டிகளில் தப்பிவிடும். தொடையின் உட்பக்கம் நாடி பிடித்தால் அது வழக்கத்தைவிட வேகமாக எகிறி அடிப்பது விரலுக்கே தெரியும். பெண் குட்டிகளில் இது அதிகம். பாமரேனியன், மால்டீஸ், பூடில், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகிய இனங்களில் மற்ற இனங்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. இவற்றில் சில நம் தெருக்களில் எவ்வளவு விரும்பி வாங்கப்படுகின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நெஞ்சைத் திறந்து குழாயை நூலால் கட்டுவது பழைய முறை. இன்றும் நல்ல முறை. தொடையின் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, நாய்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட சிறு உலோக அடைப்பானைக் குழாய்க்குள் விரித்து அடைப்பது புதிய முறை. இதயம் பெருத்துக் களைத்துப்போவதற்கு முன், பழகிய கைகளில் செய்தால் பெரும்பாலான நாய்கள் மற்ற நாய்களைப் போலவே முழு ஆயுளும் வாழ்கின்றன. அதற்கு ஆகும் செலவு குட்டியின் விலையைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. எல்லோராலும் முடியாது என்பதும் உண்மை. ஆயினும் எட்டு வாரத்திலேயே தெரிந்திருந்தால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் யோசிக்கக் காலம் இருக்கும். காலம் கடந்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. பெரிய குழாய் உள்ள சில குட்டிகளில் நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறி ஏறி, இரத்தம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கிவிடும். அப்போது அந்த இரைச்சல் அடங்கிவிடும். குட்டி தேறிவிட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் உடலின் பின்பகுதிக்குப் போகிறது. ஈறு இளஞ்சிவப்பாகவே இருக்க, பின்பகுதியின் சளிச்சவ்வு நீலம் பாரிக்கும். ஓடினால் பின்னங்கால்கள் துவளும். அந்த நிலையை அடைந்துவிட்ட நாய்க்குக் குழாயை அடைக்கவே கூடாது, அடைத்தால் இறந்துவிடும்.

இது வழிவழியாக வருவது என்பதற்கு ஆதாரம் பழையது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் டொனால்ட் பேட்டர்சன், பிறவி இதயக் குறைபாடு உள்ள 290 நாய்களை ஆராய்ந்து 1968-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அந்த மருத்துவமனைக்கு வந்த நாய்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 7 நாய்களுக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறை இருந்தது. கலப்பின நாய்களைவிடத் தூய இன நாய்களில் அது தெளிவாக அதிகம். ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு வகைக் குறையை நோக்கிச் சாய்வதையும் அவர் கண்டார். பிறகு பூடில் நாய்களை வைத்து அவரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த இனப்பெருக்க ஆய்வுகளில் இன்னொன்று தெரியவந்தது. சில நாய்களில் அந்தக் குழாயின் ஒரு முனை மட்டும் மூடி, மகாதமனிப் பக்கம் ஒரு சிறு பை போலத் திறந்து நிற்கும். இரத்தம் தவறான வழியில் போகாது; இரைச்சல் கேட்காது; நாய் முழு ஆரோக்கியமாக இருக்கும். ஆனால் அதன் குட்டிகளுக்கு முழுக் குறையும் வரலாம். ‘தாய் கல்லு மாதிரி இருக்கிறாள், அவளுக்கு என்ன குறை’ என்று நீங்கள் சொல்லும்போது பொய் சொல்லவில்லை. அதைத் தாயைப் பார்த்துச் சொல்ல முடியாது, குட்டிகளைப் பார்த்தே சொல்ல முடியும் என்பதுதான் செய்தி. எனவே ஓர் ஈற்றில் ஒரு குட்டிக்கு இந்தக் குறை உறுதியானால், அந்தக் குட்டியை மட்டுமல்ல, அதைப் பெற்ற தாயையும் தகப்பனையும் இனப்பெருக்கத்திலிருந்து நிறுத்துவதே சரியானது. குறைந்தபட்சம் அந்த ஜோடியை மறுபடி ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியில் உள்ள வால்வு குறுகிப் பிறப்பது பீகிள், பாக்சர், இங்கிலீஷ் புல்டாக், பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றில் அதிகம். வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 80 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால் அது கடுமையானது. பலூன் செலுத்தி வால்வை விரிக்கும் சிகிச்சை பல நாய்களுக்கு உதவுகிறது. ஆனால் சில புல்டாக்குகளிலும் பாக்சர்களிலும் இதயத்துக்கு இரத்தம் தரும் நாளமே நுரையீரல் தமனியைச் சுற்றி வளைந்து கிடப்பதால் பலூன் விரித்தால் அந்த நாளம் கிழிந்துபோகலாம். லேப்ரடாரில் வலப்பக்க வால்வு சரியாக உருவாகாமல் வயிற்றில் நீர் கோப்பதும் உண்டு. இதயத்தின் கீழறைகளுக்கு இடையே உள்ள ஓட்டை எந்த இனத்திலும் வரலாம். சிறிய ஓட்டை பெரிய சத்தம் தரும், ஆனால் நாய் நன்றாக வாழும். ஆகவே சத்தத்தின் அளவை வைத்து மட்டும் யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனைதான் முடிவைச் சொல்லும்.

ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மகாதமனி இடப்பக்கம் வளைய வேண்டியது வலப்பக்கம் வளைந்து, உணவுக்குழாயைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிடும் பிறவிக்குறை இது. பால் குடிக்கும் வரை குட்டி நன்றாகவே இருக்கும். சோறு, செர்லாக், ஊறவைத்த பெடிகிரி என்று கெட்டியான உணவைத் தொடங்கியதும், தின்ற சற்று நேரத்தில் அப்படியே வெளியே தள்ளும். மறுபடி ஆவலோடு தின்னும். எடை மட்டும் ஏறாது. இதைச் செரிமானக் கோளாறு என்றும், நோஞ்சான் குட்டி என்றும் சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். வளையத்தை அறுவை சிகிச்சையால் வெட்டிவிட முடியும். ஆனால் உணவுக்குழாய் பை போல் வீங்கித் தளர்ந்துபோவதற்கு முன் செய்தால்தான் பலன். ஈற்றில் ஒரு குட்டி மட்டும் கெட்டி உணவைத் திரும்பத் திரும்பக் கக்கினால் வாரக்கணக்கில் காத்திராமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

எட்டு வாரத்தில் கேட்டுவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது, அதனால்தான் பெற்றோரையும் கேட்கச் சொல்கிறேன். கோல்டன் ரிட்ரீவர், ராட்வீலர், பாக்சர், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றில் மகாதமனி வால்வுக்குச் சற்றுக் கீழே நார்த்திசு வளையம் உருவாகி இரத்தம் போகும் வழியைக் குறுக்கும் ஒரு குறை உண்டு. பிறக்கும்போது அது ஒன்றுமில்லாதது போல் இருந்து, குட்டி வளர வளரத் தானும் வளரும். எட்டு வாரத்தில் சுத்தமாகக் கேட்ட இதயத்தில் ஆறாம் மாதத்தில் சத்தம் கேட்கலாம். இது கடுமையாக இருந்தால், எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்த இளம் நாய் ஓடி விளையாடும்போதே திடீரென விழுந்து இறந்துவிடும். இதற்கு பலூன் சிகிச்சை செய்த நாய்கள், மாத்திரை மட்டும் எடுத்த நாய்களைவிட நீண்ட நாள் வாழ்ந்ததாக ஆய்வில் தெரியவில்லை. ஆக, இந்தக் குறைக்கு உண்மையான தடுப்பு என்பது, இக்குறை உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பது மட்டுமே. அமெரிக்காவில் நாய்களின் பரம்பரைக் குறைகளைப் பதிவு செய்யும் ஓ.எஃப்.ஏ. அமைப்பு, இதயச் சான்றிதழுக்கு நாய்க்கு 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதன் பொருட்டே. நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதம் நிறைவதற்கு முன் ஜோடி சேர்க்கவே கூடாது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவும் கூடாது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். ஆகவே நான் கேட்பது சட்டம் ஏற்கெனவே கேட்கும் காலக்கெடுவுக்குள் அடங்கியதே. எட்டு வாரம் காத்திருந்துதான் ஆக வேண்டும் என்றால், அந்த எட்டாம் வாரத்தில் இதயத்தையும் கேட்டுவிடலாம். ஜோடி சேர்க்கும் முன் பெட்டையை மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மேசையிலேயே அதன் நெஞ்சையும் கேட்டுவிடலாம்.

வாங்க வருபவர்கள் பேப்பர் இருக்கிறதா என்று கேட்பதும், நீங்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழை எடுத்துக் காட்டுவதும் வழக்கம். அந்தச் சான்றிதழ் குட்டியின் வம்சத்தைச் சொல்கிறது. அதன் இதயத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2024-இல் தமிழ்நாட்டின் நாய் இனப்பெருக்கக் கொள்கை பற்றிப் பேச்சு எழுந்தபோதும், நம் பகுதியில் நான் கேட்ட விவாதங்கள் பெரும்பாலும் எந்த அயல் இனம் நம் வெயிலைத் தாங்கும் என்பதைச் சுற்றியே இருந்தன. அது தேவையான விவாதம்தான். ஆனால் வெயிலைத் தாங்கும் இனத்திலும் தாங்காத இனத்திலும் பிறவி இதயக் குறை வருகிறது. சிப்பிப்பாறையையோ ராஜபாளையத்தையோ நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கினால், அவற்றிலும் மறைந்து கிடக்கும் பிறவிக்குறைகள் வெளிவரும். எனவே இம்மடல் குறிப்பிட்ட இனம் எதையும் வளர்ப்பவர்களுக்கு எதிரானது அன்று.

உங்கள் தயக்கத்தையும் நான் அறிவேன். அட்டையில் இதயத்தைப் பற்றி எழுதினால் வாங்க வருபவர் பயந்து திரும்பிவிடுவார் என்பது முதல் தயக்கம். எல்லாக் குட்டிகளுக்கும் எழுதினால் பயம் வராது. ‘இதயம் கேட்கப்பட்டது, சத்தம் இல்லை’ என்ற வரி உள்ள குட்டிக்குத்தான் நாளடைவில் மதிப்புக் கூடும். ஒரு சிறு சத்தம் கேட்டாலே குட்டி வீணாகிவிட்டது என்று ஆகிவிடுமோ என்பது இரண்டாவது தயக்கம். இங்கே நிதானம் தேவை. சத்தத்தை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறோம். வளரும் குட்டிகளில் ஒன்று அல்லது இரண்டாம் நிலை மெல்லிய சத்தம், எந்தக் குறையும் இல்லாமலேயே கேட்பதுண்டு. நான்கைந்து மாதத்துக்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். அதைவிட முக்கியமாக, நம் பகுதியில் கொக்கிப்புழுவாலும் உண்ணியாலும் இரத்தம் குறைந்து வெளுத்துப்போன குட்டிகள் ஏராளம். இரத்தம் நீர்த்துப்போனால் நல்ல இதயத்திலும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட குட்டிக்கு முதலில் புழுவுக்கும் உண்ணிக்கும் வைத்தியம் செய்து, ஈறு சிவந்த பிறகு மறுபடி கேட்க வேண்டும். மூன்றாம் நிலையிலோ அதற்கு மேலோ கேட்டாலும், விடாத இரைச்சல் கேட்டாலும், கையை வைத்தால் நெஞ்சு அதிர்வது தெரிந்தாலும் தாமதிக்காமல் எக்கோ எடுக்க வேண்டும்.

மூன்றாவது தயக்கம் பணம். அதுதான் உண்மையான தயக்கம். ஒரு பெட்டையை நிறுத்தினால் ஓர் ஆண்டின் வருமானம் போகும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆயினும் குறையுள்ள குட்டியை வாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களே என்பதை எண்ணிப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுபவர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர், பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சீட்டுப் பணம் எடுத்து வந்து குட்டி வாங்குபவர். மூச்சுத் திணறும் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரவில் எங்கே போவது என்று தெரியாமல் அலைபவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லி, தெரிந்தே வளர்க்க முன்வருபவருக்கு விலை வாங்காமல் கொடுத்துவிடுவது நியாயம். குறையை மறைத்துக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதும், பேசின் பாலம் பக்கம் இருட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதும் எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாதவை. அப்படி விடப்பட்டு, பிறகு யாரோ எடுத்துவந்த குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதில்லை. இதயக் குறை தெரியாமலே வளரும் நாய்க்கு என்றாவது ஒருநாள் கருத்தடைக்கோ எலும்பு முறிவுக்கோ மயக்க மருந்து கொடுக்க நேரும். முன்பே தெரிந்திருந்தால் மருத்துவர் மருந்தையும் திரவத்தின் அளவையும் அதற்கேற்ப மாற்றுவார். மகாதமனிக்குக் கீழ் குறுகல் உள்ள நாய்க்குப் பல் சுத்தம் செய்வதற்கு முன் ஆன்டிபயாடிக் கொடுப்பார், ஏனெனில் அதன் வால்வில் கிருமி தொற்றும் ஆபத்து மற்ற நாய்களைவிட அதிகம். அட்டையில் உள்ள அந்த ஒரு வரி பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த நாய்க்கு உதவும்.

எங்கே போவது என்பதில் வட சென்னைக்குக் குறை இல்லை. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. பெரம்பூரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ பேருந்தில் எளிதாகப் போகும் தொலைவுதான். சத்தம் கேட்ட குட்டிக்கு எக்கோ எடுக்க அங்கே போகலாம். மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனை திரு.வி.க. நகரில் இருக்கிறது. வீட்டுக்கு அருகில் உள்ள எந்தக் கால்நடை மருத்துவரும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க முடியும். ஒரு குட்டிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கொண்டு வரும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மத்தியான வெயிலில் பைக்கின் முன்னால் வைத்துக் கொண்டுவந்த குட்டி நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். அந்த மூச்சுச் சத்தத்தில் இதயச் சத்தம் புதைந்துவிடும். காலையில், வயிறு நிறைந்து, அரைத் தூக்கத்தில் இருக்கும் குட்டியே கேட்பதற்கு ஏற்றது. ஈற்றில் உள்ள எல்லாக் குட்டிகளையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள். விற்றுப்போனவை போக மீதியை மட்டும் கேட்டால் அந்த ஜோடியைப் பற்றி எதுவும் தெரியாது. முடிந்தால் தாயையும் அழைத்து வாருங்கள். ஜோடி சேர்க்க ஆண் நாயைக் கொடுத்தவரின் பெயரையும் ஆண் நாயின் மைக்ரோசிப் எண்ணையும் உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள்; ஒரு குட்டிக்குக் குறை தெரிந்தால், அந்த ஆண் நாயை அடுத்து யாரும் பயன்படுத்தாமல் இருக்க முதலில் தெரிய வேண்டியவர் அவர்தான். மருத்துவர் அட்டையில் எழுத வேண்டியது ஐந்து குறிப்புகள்தான்: கேட்ட தேதி, குட்டியின் வயது, சத்தம் உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த நிலை, எந்த இடம். அவர் எழுதாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வரும் மாதங்களில் ஈன இருக்கும் பெட்டைகள் உங்களில் பலரிடம் இருக்கும். அந்தக் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்போது, ஒரு தெருவில் அல்லது ஒரு நகரில் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைச் சொன்னால், நானும் இந்தப் பகுதியில் உள்ள வேறு மருத்துவர்களும் வந்து கட்டணம் இல்லாமல் எல்லாக் குட்டிகளின் இதயத்தையும் கேட்டு அட்டையில் எழுதித் தருகிறோம். மூன்றாம் நிலையிலோ அதற்கு மேலோ சத்தம் கேட்கும் குட்டிகளை வேப்பேரிக்கு அனுப்பும் கடிதத்தையும் அங்கேயே எழுதித் தருவோம்.

அன்புடன்,
பெரம்பூர்ப் பகுதிக் கால்நடை மருத்துவர் ஒருவர்